வாடகைத் தடைத் தீர்மானமும் நல்லிணக்க விழாவும்: நமது சங்கத்தின் நிலைப்பாடு

திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் பகுதி உறுப்பினர்களின் கவனத்துக்கு:

வடமாநிலத் தொழிலாளர்களுக்கு வீடு வாடகைக்கு விடுவதில்லை என்று பக்கத்து நகர் நலச் சங்கங்கள் சில போட்டிருக்கும் தீர்மானத்தில் நாமும் கையெழுத்திட வேண்டும் என்ற கோரிக்கை செயற்குழு முன் வந்தது. அதே வாரத்தில், ஒப்பந்த நிறுவனங்கள் சேர்ந்து நடத்தப்போகும் நல்லிணக்கக் கலாசார விழாவின் அழைப்பிதழில் நம் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு ஒரு கடிதமும் வந்தது. முதலாவதில் கையெழுத்திடுவதில்லை. இரண்டாவதற்கு, தற்போதைய சூழ்நிலையில், பெயர் கொடுப்பதில்லை. முதல் முடிவு ஒருமனதாக எடுக்கப்பட்டதல்ல; பெரும்பான்மை முடிவு.

கூலி விஷயத்தில் சங்கத்தின் பழைய கோரிக்கை அப்படியே நிற்கிறது: உள்ளூர் இளைஞர்களுக்கு வேலையில் முன்னுரிமை, ஒரே வேலைக்கு ஒரே கூலி. குப்பை, குடிதண்ணீர், இரவு நேரச் சத்தம் பற்றிய புகார்களில் உண்மை இருக்கக்கூடும். அவற்றை மண்டல அலுவலகத்தில் உரிய முறையில் எழுப்பலாம். வாடகைக்கு இருப்பவர்களின் ஆதார் நகலைக் காவல் நிலையத்தில் கொடுப்பதில் ஆட்சேபம் இல்லை, உள்ளூர்க்காரரிடமும் அதே நகலைக் கேட்பதாக இருந்தால்.

வீட்டு விஷயம் வேறு.

எண்ணூரில் பர்மா நகர் என்று ஒரு இடம் இருக்கிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தீர்மானம் எழுதியவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியிருப்பது வெட்கக்கேடு. 1962இல் பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறி இதே சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அப்படி வந்தவர்களால் வந்த பெயர்தான் பர்மா நகர். அவர்களுக்காக 1969இல் வந்ததுதான் பர்மா பஜார். இன்று செகண்ட் லைன் பீச்சில் தள்ளுவண்டி முன் நின்று, அவித்த முட்டையைக் கீறி வறுத்த வெங்காயம் அடைத்துத் தரச் சொல்லி, அவர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் சாப்பிடுகிறோம். அதை வட சென்னைச் சாப்பாடு என்று வெளியூர்க்காரரிடம் பெருமையாகவும் சொல்கிறோம். வந்தவர்களுக்கு அன்று இடமே கொடுக்காமல் இருந்திருந்தால் இந்தப் பெருமை ஏது?

அதற்கும் முன்னால், 1930 மே மாதம், ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் தெலுங்கர்கள். சரக்கேற்றும் ஒப்பந்தக்காரர்கள் அவர்களுக்குப் பதிலாகப் பர்மியர்களைக் கூட்டிவந்து வேலை வாங்கினார்கள். கூலிப் பேச்சு முடிந்ததும் பர்மியர்களை வெளியே அனுப்பினார்கள். அடுத்து வெடித்த கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இனக் கலவரம் என்றுதான் அது பேசப்படுகிறது. அதை மூட்டியது கேட்டில் ஆள் எடுத்த முறை என்பது துறைமுகத்தில் வேலை பார்த்த எவருக்கும் புரியும்.

எர்ணாவூரில் இப்போது வாடகைக்குக் கிடைப்பது பத்துக்குப் பத்து அறை. ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் வாடகை, கரண்டுக்குத் தனிக் கணக்கு, அட்வான்ஸுக்கு ரசீது கிடையாது. பகல் ஷிப்டுக்குப் போனவரின் பாயில் இரவு ஷிப்டு முடித்து வந்தவர் படுக்கிறார். ஆணியில் ஹெல்மெட்டுகள், கொடியில் ஈரம் காயாத சீருடை, மூலையில் தண்ணீர் டிரம். இத்தனை நாளும் இந்த வாடகையை எண்ணி வாங்கியபோது தெரியாத, தீர்மானம் சொல்லும் கலாசார வேறுபாடு இப்போது எங்கிருந்து வந்தது? தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்களில் இப்படி அறை விட்டிருப்பவர்களும் உண்டு. பெயர்களைக் குறிப்பிட வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொண்டதால் குறிப்பிடவில்லை.

வடமாநிலத் தொழிலாளர்கள் நம்மைப் பற்றி வைத்திருக்கும் எண்ணமும் அழகானதல்ல. 2023 மார்ச்சில் பொய் வீடியோக்களை நம்பி, தமிழன் வெட்டுவான் என்று பயந்து ஊருக்கு ரயிலேறியவர்கள் உண்டு. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. நம் தெருவில் பேர் தெரிந்த ஒரு குடும்பமாவது இருந்திருந்தால், வீடியோ வந்ததும் போன் போட்டுக் கேட்டிருப்பார்கள். மதில் சுவருக்குள் தகர ஷெட்டில் ஆயிரக்கணக்கானோரை அடைத்துவைத்தால் வதந்தி வளராமல் என்ன செய்யும்? 2025 செப்டம்பர் தொடக்கத்தில் காட்டுப்பள்ளியில் ஒரு தொழிலாளி இறந்ததைத் தொடர்ந்து சக தொழிலாளர்கள் நடத்திய கல்வீச்சை உறுப்பினர்கள் சிலர் சுட்டிக்காட்டினார்கள். கல்வீச்சை நாம் ஆதரிக்கவில்லை. வீடு தராமல் எல்லோரையும் ஷெட்டுக்கே துரத்தினால் அது குறையும் என்று நம்பவும் இல்லை.

வெளிநாட்டு உதாரணம் எதற்கு என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் மண்ணடி வியாபாரிகள் சரக்கெடுக்கப் போகும் சீனாவின் குவாங்சோ நமக்கு அவ்வளவு தூரமில்லை. 2020 ஏப்ரலில் கொரோனா பயத்தில் அங்கே ஆப்பிரிக்கர்களை வீட்டுக்காரர்கள் வெளியேற்றினார்கள், ஓட்டல்களும் சேர்க்கவில்லை. வாடகை கட்டியிருந்தவர்கள்கூட நடைபாதையில் படுத்தார்கள். பெய்ஜிங்கிலிருந்த ஆப்பிரிக்கத் தூதர்கள் சேர்ந்து சீன வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். இத்தனைக்கும் ஆப்பிரிக்காவில், நைரோபி பல்கலைக்கழகத்தில் சீன மொழியும் பண்பாடும் கற்றுத்தர கன்பூசியஸ் நிலையம் 2005லேயே வந்துவிட்டது. பதினைந்து ஆண்டுப் பண்பாட்டுப் பரிமாற்றம் குவாங்சோவில் ஒரு படுக்கையைக்கூடக் காப்பாற்றவில்லை. மறுபக்கமும் உண்டு: 2012இல் ஜாம்பியாவின் காலம் (Collum) நிலக்கரிச் சுரங்கத்தில் கூலித் தகராறு முற்றி, தொழிலாளர்கள் சீன மேலாளர் ஒருவரைக் கொன்றார்கள். பண்பாட்டுப் பரிமாற்றம் அங்கும் அதைத் தடுக்கவில்லை.

ஆகவே விழா விஷயம். பொங்கல் கோலம், சாத் பூஜைப் பாட்டு, பிஹு நடனம் என்று அழைப்பிதழில் இருக்கிறது. கலை நிகழ்ச்சிகளுக்கு நாம் எதிரி அல்ல. ஆனால் 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து, அசாம் பக்கமிருந்து வந்த 9 பேர் செத்தார்கள். அந்தப் பக்கத்து நடனத்தை மேடையேற்றுமுன், சாரத்தில் ஏறுகிறவர்களின் பாதுகாப்புக்கு என்ன செய்தீர்கள் என்று ஒப்பந்த நிறுவனங்களிடம் கடிதம் மூலம் கேட்டிருக்கிறோம். திருப்தியான பதில் வந்தால் விழா குறித்த முடிவு மறுபரிசீலனை செய்யப்படலாம். ஒப்பந்தக்காரர்தான் தங்குமிடம் தர வேண்டும் என்று 1979ஆம் ஆண்டு புலம்பெயர் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்தது ஏட்டோடு நின்றதையும் அதே கடிதத்தில் நினைவுபடுத்தியிருக்கிறோம்.

உறுப்பினர்கள் தத்தம் வீட்டை யாருக்கு விடுவது என்பதில் சங்கம் தலையிடாது. இந்த வாக்கியம் செயற்குழுவில் நீண்ட விவாதத்துக்குப் பிறகு சேர்க்கப்பட்டது. ஆனால் ‘வடமாநிலத்தவருக்கு வீடு இல்லை’ என்ற போர்டை சங்க அலுவலகம் இருக்கும் தெருவில் மாட்டியவர்கள் தாமாகக் கழற்ற வேண்டும். சுற்றுக்கு விடப்பட்ட தீர்மான நகலில், நம்மைக் கேட்காமலே, நம் சங்கத்தின் பெயர் ஏழாவதாக அச்சிடப்பட்டிருக்கிறது. அதை நீக்கித் திருத்திய நகலை வெளியிடும்படி எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம்.

செயற்குழுவுக்காக,
தலைவர், செயலாளர்