கடலுக்குப் போகும் ஒழுங்கை

கொழும்பு காலி முகத்திடலில் ஒரு நினைவுக்கல் உண்டு. 1859இல் அங்கு நடைபாதையை அமைத்து முடித்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலன் கருதி அதைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொண்டதை அக்கல் கூறுகிறது. அன்று ஒதுக்கிய வெளியில் இன்றும் ஏழையும் பணக்காரரும் ஒரே கடற்காற்றை வாங்குகின்றனர். எமது கரையோரச் சிறு பட்டினங்களுக்கு இவ்வாறு முன்கூட்டி எண்ணி ஒதுக்குபவர் யார்?

கடற்காட்சி என்றதும் அது உல்லாசப் பயணிகளுக்குரியது என்றே பலர் எண்ணுகின்றனர். கரைவலை இழுப்போரைக் கேட்டுப் பாருங்கள். நீரின் நிறமாற்றத்தையும் பறவைகள் வட்டமிடுவதையும் கரையில் நின்று கவனித்தே அவர்கள் மீன்கூட்டத்தை அறிகின்றனர். வலையின் இரு கயிறுகளையும் இழுப்பதற்கு அகன்ற மணற்பரப்பு வேண்டும். வள்ளம் ஏற்றவும் வாடி அமைக்கவும் மீன் காயவிடவும் இடம் வேண்டும். கடலை மறைக்கும் மதில் அவர்களின் பிழைப்பையே மறைக்கின்றது.

2004 ஆழிப்பேரலையின் பின்னர் தெற்கு, மேற்குக் கரைகளில் 100 மீற்றருக்குள்ளும் வடக்கு, கிழக்கில் 200 மீற்றருக்குள்ளும் புதிதாகக் கட்டுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆயினும் பல மீனவக் குடும்பங்கள் உள்நிலத்தில் குடியேற்றப்பட்டன. 2009இல் போர் முடிந்தபின் பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாக எழுந்தன. விடுதிகளே வேண்டாமென்று நாம் கூறவில்லை. அவை எமது இளைஞருக்கு வேலை தரக்கூடியவை. இரு விடுதிகளுக்கிடையே ஒரு பொதுப் பாதையை வரைபடத்திலேயே விட்டுவிட்டால் எந்த முதலீடும் கெட்டுப்போகாது. கட்டி முடிந்தபின் கேட்டால் அதுவே பெரும் வழக்காகிவிடும்.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றருக்குள் விடுதி போன்ற கட்டடங்களை எழுப்ப அனுமதிப்பத்திரம் வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு கோரப்படும்போது, மக்கள் அதைப் பார்வையிட்டு 30 நாட்களுக்குள் கருத்துத் தெரிவிக்கலாம். அறிவித்தலை வாசிக்க ஆளில்லாவிடில் இந்த உரிமை ஏட்டுடன் நின்றுவிடும்.

ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இப்போதே ஒரு காரியம் செய்யலாம். மக்கள் காலங்காலமாகக் கடலுக்கு நடக்கும் ஒழுங்கைகள், கரைவலைப் பாடுகள், கடல் தெரியும் வெளிகள் ஆகியவற்றை ஒரு வரைபடத்தில் குறித்து, பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் கையளிக்க வேண்டும். பிரதி ஒன்று சங்கத்தில் இருக்கட்டும். கட்டட விண்ணப்பம் வரும் நாளில் நாம் வெறுங்கையுடன் போய் நிற்கத் தேவையில்லை.