மதிப்பெண் காட்டும் அபாயம், காட்டாத நேரம்

2024 ஜூன் 18 அன்று கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விற்கப்பட்ட சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என நான்கு மருத்துவமனைகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். அதிகாரிகள் இடமாற்றம் முதல் சிபிஐ விசாரணை வரை யாவும் விவாதிக்கப்பட்டன. ஓரிரவில் இத்தனை பேர் வந்து குவிந்தால் டயாலிசிஸ் யாருக்கு முதலில் என்ற கேள்வி மட்டும் பேசப்படவில்லை. பற்றாக்குறையைப் பங்கிடுவது பற்றிய இக்கேள்வி மருத்துவத்துக்கு மட்டுமன்று, பொருளியலுக்கும் உரியது.

இதற்கென மருத்துவ உலகில் மதிப்பெண் முறைகள் உள்ளன. 1974இல் உருவான கிளாஸ்கோ அளவுகோல் நினைவுநிலையை 3 முதல் 15 வரை அளக்கிறது. நஞ்சுத் தீவிர அளவுகோல் 0 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. அதில் 4 என்றால் மரணம். ஆனால் எல்லா நஞ்சுக்கும் ஒரே தராசு பொருந்தாது. பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகளை அளவுமீறி உண்டவருக்கு ஈசிஜியில் கியூஆர்எஸ் அகலம் 100 மில்லி விநாடியைத் தாண்டுவதே முதல் எச்சரிக்கை. மெத்தனாலுக்கோ இரத்தத்தின் அமிலத்தன்மைதான் சாட்சி. பிஎச் 7க்குக் கீழ் இறங்கி, நினைவும் தப்பியிருந்தால் பிழைப்பது அரிது.

இங்கே ஒரு சூழ்ச்சி உண்டு. மெத்தனால் உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிய பின்னரே கண் மங்குகிறது, மூச்சு வாங்குகிறது. இதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். உடன் சாதாரண மதுவும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். அதுவரை அவர் வெறும் போதையில் இருப்பவராகவே தெரிவார். அப்போது போடும் மதிப்பெண் அபாயத்தைக் குறைத்தே காட்டும். மாற்றுமருந்து மிகுதியாகப் பயன் தரும் நேரமும் அதுவே. ஆகவே ஒருமுறை அளந்து வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து. மணிக்கணக்கில் மீண்டும் மீண்டும் அளக்க வேண்டும்.

மதிப்பெண் எதிர்காலத்தைச் சொல்வதாக நாம் கருதுகிறோம். உண்மையில் அது பெரும்பாலும் இழந்த நேரத்தின் கணக்கு. தொடக்கத்தில் மரணங்களுக்குச் சாராயம் காரணமல்ல என்று மாவட்ட நிர்வாகம் மறுத்தது. அம்மறுப்பு நீடித்த ஒவ்வொரு மணியும், அறிகுறியின்றி வீட்டிலிருந்தவர்களின் இரத்தத்தில் அமிலமாகச் சேர்ந்திருக்கும். மறுத்தவர்களுக்கு அந்நோக்கம் இருந்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். விளைவு அதனால் மாறுவதில்லை.

கல்வராயன் மலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வெல்ல ஊறலில் காய்ச்சும் மலைச் சாராயத்தில் மெத்தனால் மிகக் குறைவு. கருணாபுரத்தில் கொன்றது தொழிற்சாலைக்குரிய வேதிப்பொருள். ஆயினும் இடர் நேர்ந்தால் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்குவதற்கே நெடுநேரம் ஆகும். அம்மக்களின் வாழ்வாதாரம் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது இச்சம்பவத்துக்குப் பின்னரே.

இறந்தோர் குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. 60 குடும்பங்கள் என்றாலே 6 கோடி. கொடுத்தது சரியே. அத்தொகையின் சிறு பகுதியில் வட்ட மருத்துவமனைகளுக்கு இரத்த வாயுப் பகுப்பாய்வுக் கருவிகளை வாங்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலுள்ள ஃபோமெபிசோலை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருப்பு வைக்கலாம். அது கிட்டாத இடத்தில் மருத்துவத்துக்கான எத்தனாலே போதும். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இதே நஞ்சால் மாண்டபோதே இப்பட்டியலைப் போட்டிருக்கலாம்.