உத்தியோகஸ்தர் வீட்டு வாசல்

ஸர்க்கார் உத்தியோகஸ்தர் கட்சி விவகாரங்களில் தலையிடலாகாது என்பதில் நமக்குள் அதிக அபிப்பிராய பேதம் இராது. இன்று ஒரு கட்சிக்காக வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்ட தாலுகா குமாஸ்தா, நாளை எதிர்க்கட்சிக்காரரின் பட்டா மனுவைப் பாரபட்சமின்றிப் பார்த்தாலும் ஊரார் நம்பமாட்டார்கள்.

மத்திய ஸர்க்கார் ஊழியர்களுக்கான நடத்தை விதிகள் 1964-ஆம் வருஷத்தில் வகுக்கப்பட்டவை. அவற்றுள் 5-வது விதி இந்த விஷயத்தைப் பற்றியது. ஊழியர் எந்தக் கட்சியிலும் அங்கத்தினராகக் கூடாது. அரசியல் இயக்கத்துக்குச் சந்தா கொடுக்கக் கூடாது. தேர்தலில் பிரசாரம் செய்யக் கூடாது. ஓட்டுப் போடலாம். ஆனால் யாருக்கு என்று ஜாடை கூடக் காட்டலாகாது. தேர்தல் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொள்வதும், வண்டியில் ஒட்டுவதும், வீட்டில் மாட்டுவதும் குற்றமே.

இம்மட்டும் சரி. ஆனால் அதே விதியின் 2-வது உட்பிரிவு, காரியாலயத்தை விட்டு உத்தியோகஸ்தரின் வீட்டுக்குள் நுழைகிறது. சட்டப்படி அமைந்த ஸர்க்காரைக் கவிழ்க்கக்கூடிய, அல்லது மறைமுகமாகவேனும் அந்தப் போக்குடைய, எந்த இயக்கத்திலும் தம் குடும்பத்தார் சேராதபடி தடுக்க அவர் முயல வேண்டுமாம். தடுக்க முடியாவிட்டால்? அதை ஸர்க்காருக்கு அவரே அறிக்கை செய்துகொள்ள வேண்டும்! கைப்பிடித்த மனைவியைப் பற்றிக் கணவர் மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தை நேயர்கள் சற்றே கற்பனை செய்து பார்க்கலாம்.

குடும்பத்தார் யார் என்பதற்கும் அவ்விதிகளில் விளக்கம் இருக்கிறது. ஊழியரை முழுவதும் அண்டி வாழாத மகன் அதில் சேர்ந்தவன் அல்லன். மனைவியோ, கூட வசித்தாலும் வசிக்காவிட்டாலும், தாமே சம்பாதித்தாலும், அதில் சேர்ந்தவர்தான். உத்தியோகம் பார்க்கும் பெண்மணியின் கணவருக்கும் இதே கதி. கோர்ட்டு மூலம் பிரிந்தவர்களுக்கு மாத்திரமே விடுதலை.

ஓர் இயக்கம் இந்த விதிக்குள் வருமா, வராதா என்று முடிவு செய்வது யார்? ஸர்க்காரின் தீர்மானமே முடிவானது என்கிறது 3-வது உட்பிரிவு. அந்தத் தீர்மானம் எப்படியெல்லாம் மாறக்கூடும் என்பதற்கு அண்மையிலேயே உதாரணம் உண்டு. ராஷ்ட்ரீய ஸ்வயம் சேவக சங்கத்தின் காரியங்களில் ஊழியர்கள் கலந்துகொள்வது விதிக்கு விரோதம் என்று 1966 நவம்பரில் உத்தரவு பிறந்தது. 2024 ஜூலையில் இன்னோர் உத்தரவு அந்தத் தடையை நீக்கிற்று. இரண்டில் எது சரி என்பது நமது விசாரணையன்று. 1964-இல் எழுதிய விதியில் இதற்காக ஓர் எழுத்தும் மாறவில்லை; மாறியது ஸர்க்காரின் எண்ணமே. நாளை ஒரு பெண்மணி சேரும் சங்கத்தைப் பற்றி இன்றைய ஸர்க்கார் ஒன்றும், வரப்போகும் ஸர்க்கார் வேறொன்றும் நினைக்கலாம். பாவம், அவருடைய கணவர் எந்த எண்ணத்தைக் கேட்டு நடப்பார்? "நமக்கேன் வம்பு, நீ போகவேண்டாம்" என்பார். அவ்வளவில் அந்த அம்மாளின் சுதந்திரம், யாரும் உத்தரவு போடாமலே, அடுப்பங்கரையோடு நின்றுவிடும்.

இது புதிதாக வந்த யோசனையும் அன்று. தம்மை அண்டியிருப்போரை இத்தகைய இயக்கங்களில் சேர விடலாகாது என்று வெள்ளையர் காலத்து விதிகளிலேயே இருந்தது. அயலார் ஆட்சிக்கு அந்தப் பயம் இயல்பானது. கதர் கட்டிய பெண்ணைக் கண்டே அது மிரண்டது. ஜனங்கள் தாமே தேர்ந்தெடுத்த ஸர்க்கார் அந்தப் பயத்தை ஏன் சீதனமாகப் பெறவேண்டும்?

உத்தியோகத்தில் சேர்ந்ததனாலேயே ஒருவர் அடிப்படை உரிமைகளை இழந்துவிடுவதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 1962-இலேயே, பீஹார் ஊழியர்களின் வழக்கில், தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு இடம் தராத அதே தீர்ப்பு, ஆர்ப்பாட்டம் எதுவுமே கூடாது என்ற விதியைத் தள்ளிவிட்டது. உத்தியோகத்தில் சேர்ந்தவருக்கே இவ்வளவு உண்டென்றால், சேராத மனைவிக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

2-வது உட்பிரிவை அடியோடு எடுத்துவிட்டாலும் மற்றவை அப்படியே நிற்கும். காரியாலயத்தின் நடுநிலைமைக்கு ஒரு குறைவும் வராது. உண்மையாகவே சதி செய்பவர் எவர் வீட்டில் இருந்தாலும் அவரைப் பிடிக்கக் குற்றச் சட்டமும் போலீஸும் இருக்கின்றன. துப்பறியும் வேலையைக் கணவன்மாரிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை.