வாயைக் கட்டினால் சிறுநீரகம் பிழைக்காது

சிறுநீரகம் பழுதான ஒருவரைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு தடையோடு வருகிறார்கள். உப்பு கூடாது, பருப்பு கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, கீரை கூடாது, கறி மீன் பக்கமே போகக் கூடாது. கடைசியில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: ‘வாயைக் கட்டினால் போதும், கிட்னி தப்பிவிடும்.’ எவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறாரோ அவ்வளவு நல்ல நோயாளி. பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டால் ‘என்ன மன உறுதி!’ என்று பாராட்டு. ஆசைப்பட்டு ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டால் ‘நாக்கை அடக்கத் தெரியவில்லை’ என்று ஏச்சு.

இந்த நம்பிக்கை தவறு. சிறுநீரக மருத்துவமே இதை ஏற்பதில்லை. உண்ணுதல் கோளாறு உள்ள ஒருவருக்குச் சிறுநீரக நோயும் சேர்ந்துகொண்டால், இதே நம்பிக்கை அவருடைய உயிருக்கே உலை வைக்கிறது.

உடம்பின் கணக்கை முதலில் பார்ப்போம். புரதம் செரித்து முடிந்தபின் யூரியா மிஞ்சுகிறது. பழுதான சிறுநீரகத்துக்கு அதை வெளியேற்றுவது பாரம். ஆகவே டயாலிசிஸ் கட்டத்துக்கு முன்பு புரதத்தை அளவோடு வைக்கச் சொல்கிறார்கள். இதுவரை சரி. ஆனால் அந்த அறிவுரைக்கு இன்னொரு பாதி உண்டு, அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 35 கலோரி வரை கட்டாயம் உள்ளே போகவேண்டும் என்கிறது. டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் புரதத்தைக் கூட்டவே சொல்கிறது: கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம் வரை. ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 6 கிராம்தான். ரசம் சாதத்திலும் இட்லியிலும் நாளை ஓட்டும் டயாலிசிஸ் நோயாளி இந்த அளவை எங்கே எட்டப்போகிறார்?

சோறும் எண்ணெயும் போதிய அளவு உள்ளே போகாவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்து எரிக்கத் தொடங்கும். தசையும் புரதம்தான். அது கரையும்போதும் யூரியா வரும். செல்லுக்குள் இருந்த பொட்டாசியமும் பாஸ்பரஸும் ரத்தத்தில் இறங்கும். தட்டில் விலக்கிய கறியைத் தன் உடம்பிலிருந்தே அறுத்துத் தின்பதைப் போன்றது இது. சிறுநீரகத்துக்கு இதில் என்ன ஓய்வு கிடைத்தது?

குறைக்கக் குறைக்க நல்லது என்பதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 1994-இல் முடிவுகள் வெளியான எம்.டி.ஆர்.டி. என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், ஒரு பிரிவினருக்கு மிக மிகக் குறைந்த புரதம் தரப்பட்டது. அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவர்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு தள்ளிப்போகவில்லை. இறப்பு அபாயம்தான் கூடியதாகத் தெரிந்தது. உடல்நிலை நிலையாக இல்லாதவர்களுக்குக் குறைபுரத உணவைப் பரிந்துரைக்கவே வேண்டாம் என்று கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது.

இனி உண்ணுதல் கோளாறுக்கு வருவோம். எடை கூடிவிடும் என்ற பயத்தில் பட்டினி கிடப்பது, கட்டுப்பாடே இல்லாமல் அள்ளிச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்ச்சியில் துடிப்பது, சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, பேதி மாத்திரை போடுவது எல்லாம் இதில் அடங்கும். இது பெரிய வீட்டுப் பெண்களின் நோய் என்று ஒதுக்குகிறவர்கள் நம் ஊர்க் கல்லூரி விடுதிகளைப் பார்க்காதவர்கள். ஆண்களுக்கும் வரும், நடுவயதிலும் வரும்.

என் சித்தி மகள் கல்லூரி நாட்களிலிருந்து இதோடு போராடுகிறவள். முப்பது வயதுக்குள் சிறுநீரக நோயும் கண்டுபிடிக்கப்பட்டது. மருத்துவமனையில் ஒரு டயட் சார்ட் கொடுத்தார்கள். ‘தவிர்க்க வேண்டியவை’ ஒரு பக்கம் முழுக்க இருந்தது. ‘சாப்பிடலாம்’ என்பதன் கீழே சில வரிகள்தான். அந்தச் சில வரிகளிலும் பாதியை அவளே பேனாவால் அடித்திருந்தாள். சாப்பிடாமல் இருப்பதற்கு அவள் மனசு தேடிக்கொண்டிருந்த காரணம், இப்போது மருத்துவமனை முத்திரையோடு கையில் கிடைத்துவிட்டது. பெரியம்மா ஒரு கல்யாண வீட்டில் எல்லோர் முன்னும் சொன்னார்: “என்ன கட்டுப்பாடு பாருங்க! இவளைப் பார்த்துக் கத்துக்கணும்.” சிறுநீரகத்தின் நிலையை அறிய ரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினின் குறைந்த ரிப்போர்ட் வந்த நாளில் வீடே மகிழ்ந்தது. கையில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால் சிறுநீரகம் தேறாமலேயே அந்த எண் இறங்கும். தசையை அதிகம் சார்ந்திராத சிஸ்டாட்டின் சி பரிசோதனையைப் பிறகு ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. பட்டினியின் அடையாளத்தைக் குணமாவதாக எண்ணிக் கொண்டாடியிருக்கிறோம்.

அச்சடித்த பொதுச் சார்ட்டில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. பொட்டாசியத்தைக் குறை என்கிறது அது. ஆனால் தொடர்ந்து வாந்தியெடுப்பவருக்கும் பேதி மாத்திரை போடுபவருக்கும் பொட்டாசியம் அபாயகரமாக இறங்கிக் கிடக்கும். நாள்பட்ட பொட்டாசியக் குறைவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏறினாலும் இறங்கினாலும் அடிபடுவது இதயம். பாஸ்பரஸும் அப்படித்தான். நெடுநாள் பட்டினிக்குப்பின் உணவைக் கூட்டும்போது ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவக் கண்காணிப்பில்தான் அதைச் செய்யவேண்டும். ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் சார்ட்டை நீட்டுவது மருத்துவம் ஆகாது.

‘மனசை அடக்கினால் எல்லாம் சரியாகும்’ என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1944–45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களை அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். உடலும் மனமும் நன்றாக இருப்பவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். சில மாதங்களில் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல் போனார்கள். சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். சோறு கிடைத்தபின் சிலர் நிறுத்தத் தெரியாமல் சாப்பிட்டார்கள். அந்த நிலைக்கு அவர்களைக் கொண்டுபோனது பசி. ‘வாயைக் கட்டு’ என்று நெருக்கப்படுகிறவர் ஒருநாள் ராத்திரி எழுந்து அள்ளித் தின்றால் அதற்குக் காரணமும் அந்தப் பசியே. அவரைத் திட்டுவது கொடுமை.

‘அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா? பொட்டாசியம் ஏறினால் ஆள் போய்விடமாட்டாரா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ரத்தத்தில் எது ஏறியிருக்கிறதோ அதை மட்டும் குறைக்கவேண்டும்; குறைத்த இடத்தில் வேறொன்றை வைத்தாகவேண்டும். உருளைக்கிழங்கை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தில் கணிசமான பங்கு போய்விடும். கிழங்கு தட்டில் இருக்கும். பருப்பில் உள்ள பாஸ்பரஸை உடல் ஓரளவுதான் உறிஞ்சும். கோலா பானத்திலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்பு பெரும்பாலும் அப்படியே ரத்தத்துக்குப் போகும். பருப்பைத் துரத்துவதற்கு முன் அவற்றை அல்லவா துரத்தவேண்டும்?

மருத்துவமனைகள் செய்யவேண்டியவையும் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. 1999-இல் வெளியான ‘ஸ்காஃப்’ என்ற கேள்விப் பட்டியலில் ஐந்தே கேள்விகள். இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் உண்ணுதல் கோளாறு இருக்கிறதா என்று விசாரிக்கவேண்டும். சார்ட் கொடுக்குமுன் அந்த ஐந்தையும் கேட்கட்டும். டயாலிசிஸ் பிரிவில் ஒவ்வொரு முறையும் எடை பார்த்தாகவேண்டும். ஏறுவது பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதை விளக்கட்டும். எண்ணைப் பார்த்தால் நிலைகுலைபவரை எடைக் கருவியில் முதுகைத் திருப்பி நிற்கவைக்கலாம். அளவு செவிலியருக்குத் தெரிந்தால் போதும். சிறுநீரக மருத்துவர், டயட்டீஷியன், மனநல மருத்துவர் மூவரும் ஒரே கோப்பைப் பார்க்கட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் உறவினர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. இளைத்துவிட்டாய் என்று பாராட்டாதீர்கள். மிச்சம் வைத்த சோற்றைக் கட்டுப்பாடு என்று கொண்டாடாதீர்கள். என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லத் தெரியாத யாருக்கும் ஒரு நோயாளியிடம் ‘சாப்பிடாதே’ என்று சொல்ல உரிமையில்லை.