கட்டம் நிரப்பினால் மறதி வராதா?

ஜூலை 1, மருத்துவர் தினம். வாழ்த்து சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வாழ்த்தோடு சேர்த்து பதினோரு பேர் எனக்கு ஒரே படத்தை அனுப்பியிருந்தீங்க. ஒரு நாளிதழின் தினசரி குறுக்கெழுத்து. அன்றைக்கு ஸ்பெஷல், கட்டம் முழுக்க மருத்துவம். "உங்களுக்காகவே போட்ட மாதிரி இருக்கு டாக்டர், நிரப்பிப் பாருங்க."

நிரப்பினேன். ஓபி முடிந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிஷம். ரசம் ஆறிப்போச்சு. கட்டம் முடிந்தபோது எனக்கு நல்ல கோபம். ஏன் என்று சொல்கிறேன். இழை கொஞ்சம் நீளம், பொறுமையா வாங்க.

முதலில் நல்லதைச் சொல்லிடறேன். "பிறந்ததும் மறைந்ததும் ஜூலை 1 (2)". விடை ராய். மேற்கு வங்க முதல்வராக இருந்த டாக்டர் பி.சி. ராய், 1882-ல் பிறந்து 1962-ல் மறைந்தவர். அவர் நினைவாகத்தான் இந்த நாளே. சுருக்கமான, நேர்மையான குறிப்பு.

"பி.பி. இருப்பவர் தட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டியது (4)". ஊறுகாய். அந்த நேரத்தில் அது என் தட்டிலேயே இருந்தது. தள்ளி வைத்தேன். இவ்வளவு உடனடியாக வேலை செய்த குறிப்பை நான் பார்த்ததில்லை.

இந்தக் கட்டத்தின் உச்சம் இதுதான்: "தலையை எடுத்தால் மீன் பிடிக்கலாம், விட்டால் தூக்கம் போகும் (3)". ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. கவலை! 'க'வை எடுத்தால் வலை. போட்டவர் கையைப் பிடித்துக் குலுக்கணும்னு தோணுச்சு.

இனி வசவு.

'ஸ்டெதஸ்கோப்' என்று ஆறு கட்டம் போட்டுவிட்டார். தமிழ்க் கட்டத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பெட்டி. 'ஸ்' பெட்டிக்குக் குறுக்கே எந்தத் தமிழ்ச் சொல்லைக் கொண்டுவருவது? மாட்டிக்கிட்டார். முதல் 'ஸ்'ஸுக்கு நர்ஸ், இரண்டாவதுக்கு "பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்பது (2)" என்று பஸ். நர்ஸுக்குக் குறிப்பு "வெள்ளுடை தேவதை". தேவதை என்று சொல்லிச் சொல்லியே அவங்க சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் தப்பிக்கிறோம், அது வேற இழை.

"டாக்டர் எழுதுவது (5)". கிறுக்கல். சிரிச்சிட்டேன், போகட்டும். இப்போ பிரிண்ட் எடுத்துத்தான் கொடுக்கிறோம், ஜோக்கையும் கொஞ்சம் அப்டேட் பண்ணுங்க.

"காய்ச்சல் என்றால் டாக்டர் உடனே போடுவது (2)". ஊசி. இதற்குச் சிரிப்பு வரல. 'ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர்' என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். பெரும்பாலான வைரஸ் காய்ச்சலுக்கு பாராசிட்டமாலும் தண்ணீரும் ஓய்வும் போதும் என்று தொண்டை வறளச் சொல்கிறோம். அதை இரண்டே பெட்டியில் காலி பண்ணிட்டாங்க.

"சர்க்கரை நோயாளி கண்ணால்கூடப் பார்க்கக் கூடாதது (5)". மாம்பழம். பார்க்கலாம் சார். அளவோடு ஒரு துண்டு சாப்பிடவும் செய்யலாம். ஜூஸ் போட்டுக் குடிக்காதீங்க, அவ்வளவுதான்.

இதெல்லாம் சில்லறை. என் கோபம் மேலிருந்து கீழ் 14-ல்.

"முதுமையில் எல்லோருக்கும் வருவது (3)". 'நரை'ன்னு எழுதப் போனேன், இரண்டு எழுத்துதான். கடைசிப் பெட்டியில் 'தி' வந்து விழுந்தது. மறதி!

இப்போ அதே பக்கத்தின் தலைப்பைப் பாருங்க. கலர் பெட்டியில், "தினமும் கட்டம் நிரப்புங்கள், மறதி நோயை விரட்டுங்கள்". தலைப்பில் விரட்டலாம். பதினாலாவது குறிப்பில் எல்லோருக்கும் வரும். பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு தப்பு, அதுவும் ஒன்றுக்கொன்று எதிரான தப்பு.

முதல் தப்பு. டிமென்ஷியா என்பது முதுமையின் இயல்பு இல்லை, அது நோய். பருப்பு டப்பாவை எங்கே வெச்சோம்னு தேடுவது வயசு. நாற்பது வருஷம் வைத்த சாம்பாரை எப்படி வைக்கிறதுன்னு தெரியாமல் அடுப்பு முன்னாடி நிற்பது நோய். "வயசானா அப்படித்தான்" என்று வீட்டிலேயே வைத்திருந்து, இரண்டு மூன்று வருஷம் தாமதமாகக் கூட்டி வருகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அதில் சிலருக்கு தைராய்டு குறைபாடு, சிலருக்கு பி12 குறைபாடு, சிலருக்கு மன அழுத்தம். சரிசெய்யக் கூடியவை.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். மகன் கூட்டி வந்தார், கையில் ஒரு ஃபைல். மறதி மாதிரி தெரிந்ததும் யாரோ சொன்னார்கள் என்று தினமும் அப்பாவுக்குக் குறுக்கெழுத்து கொடுத்திருக்கிறார். டைமர் வைத்து. விட்டுப்போன கட்டங்களைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, மாதக் கடைசியில் மார்க். ஆறு மாசத் தாள்கள், தேதி வாரியாக. மகன் கெட்டவர் இல்லை. பயந்தவர். அப்பாவைக் காப்பாற்ற அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்த நாளிதழ்.

பெரியவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். மகன் என்னைப் பார்த்து, 'பார்த்தீங்களா' என்கிற மாதிரி கண்ணைக் காட்டினார். எழுந்து போய்ப் பெரியவரின் வலது காது பக்கம் நின்று அதே கேள்வியைக் கேட்டேன். சரியாகப் பதில் சொன்னார். பிறகு மெதுவாக, "முப்பத்தைந்து வருஷம் நான் திருத்தின தாள் டாக்டர் தம்பி. இப்ப என் தாளைத் திருத்துறாங்க" என்றார்.

காது பரிசோதனையில் இரண்டு பக்கமும் நல்ல குறைவு. பி.பி. எகிறிக் கிடந்தது, மாத்திரையை நிறுத்தி நாலு மாசம். கட்டத்தைக் கவனித்த வீட்டில் மாத்திரைப் பட்டையை யாரும் கவனிக்கலை.

இப்போ ஆய்வுக்கு வருவோம். "2022-ல் நிரூபிச்சுட்டாங்களே டாக்டர்" என்று கமெண்டில் வருவீங்க, தெரியும். ஆமாம், நியூ இங்கிலாந்து ஜர்னல் குடும்பத்து இதழில் வந்தது. ஏற்கெனவே லேசான நினைவுக் குறைபாடு உள்ள 107 பேர். பாதிப் பேருக்குக் குறுக்கெழுத்து, மீதிப் பேருக்குக் கணினி மூளை விளையாட்டு, 78 வாரம். குறுக்கெழுத்துக் குழு கொஞ்சம் மேலாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் எதுவுமே செய்யாத மூன்றாவது குழு அதில் இல்லை. நன்றாக இருப்பவருக்கு டிமென்ஷியாவே வராமல் தடுக்கும் என்று அந்த ஆய்வு எங்கேயும் சொல்லவில்லை.

2018-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து இன்னொரு ஆய்வு. 1936-ல் பிறந்த சுமார் ஐந்நூறு பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். வாழ்நாள் முழுக்க மூளைக்கு வேலை கொடுத்தவர்கள் உயரமான படியிலிருந்து இறங்க ஆரம்பிக்கிறார்கள், ஆனால் இறங்கும் வேகம் குறையவில்லை. உயரமான படி ஒன்றும் சின்ன விஷயமில்லை. அதற்காக அதைத் தடுப்பூசி மாதிரி விற்காதீங்க. 2016-ல் இப்படி விற்ற லூமாசிட்டி ஆப் நிறுவனம், அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், குறுக்கெழுத்து பிறந்தது மருந்தாக இல்லை. 1913 டிசம்பர் 21, நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையின் ஞாயிறு வேடிக்கைப் பகுதிக்காக ஆர்தர் வின் போட்டது. 1924-ல் நியூயார்க் டைம்ஸ் இதைப் பாவகரமான வீண்வேலை என்று தலையங்கத்தில் திட்டியது. 1942-ல் அதே பத்திரிகை தானே போட ஆரம்பித்தது. அன்றைக்கு மூளையைக் கெடுக்கும் பைத்தியம், இன்றைக்கு மூளையைக் காக்கும் மாத்திரை. விளையாட்டை விளையாட்டாக விட நமக்கு ஏன் மனசே வரமாட்டேங்குது?

அந்தப் பத்திரிகையின் புதிர்ப் பக்கத்தை 1993 முதல் பார்த்துக்கொள்ளும் வில் ஷார்ட்ஸுக்கே 2024-ல் பக்கவாதம் வந்தது. சிகிச்சை எடுத்து, வேலைக்கும் திரும்பினார், மகிழ்ச்சி. ஆனால் அவரைவிட அதிகமாகக் கட்டம் பார்த்த மனுஷர் யார் இருக்க முடியும்? ரத்தக் குழாய்க்குக் கட்டம் தெரியாது.

அப்போ எதுதான் தடுக்கும்? 2024 லான்செட் ஆணைய அறிக்கை மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொல்கிறது. அத்தனையையும் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்கள் கணக்கு. அதில் காது கேளாமைக்கும் கெட்ட கொழுப்புக்கும் தலா 7 சதவீதம். பி.பி., சர்க்கரை, புகை, மது, தலைக்காயம், தனிமை எல்லாம் உண்டு. நம்ம ஊரில் ஹெல்மெட்டை பெட்ரோல் டாங்க் மேல் வைத்து ஓட்டிக்கொண்டே மூளை ஆப் டவுன்லோட் பண்றாங்க.

குறுக்கெழுத்து போடுவதை நிறுத்தச் சொல்லலை. நானே தினமும் போடுகிறேன், ரசம் ஆறும் அளவுக்கு. "மறதியை விரட்டுங்கள்" என்று நாளிதழ் எழுதும்போது, மறதி வந்தவர் ஏதோ வீட்டுப்பாடம் செய்யாதவர் மாதிரி ஆகிவிடுகிறார். அந்தச் சிவப்பு வட்டங்களை நான் பார்த்தேன். ஆசிரியர் குழுவில் யாராவது இதைப் படித்தால், அந்தக் கலர் பெட்டியை மட்டும் எடுத்துடுங்க. 'கவலை' போட்டவருக்கு ஊதிய உயர்வு கொடுங்க.

பெரியவர் போன வாரம் வந்திருந்தார். காது மெஷின் மாட்டியிருக்கிறார். மறதி போய்விடவில்லை. ஆரம்ப நிலை இருக்கிறது, அதற்கும் மருத்துவம் நடக்கிறது. பி.பி. கட்டுக்குள். டைமர் இல்லை, மார்க் இல்லை. சாயங்காலம் பேத்தி குறிப்பை வாசிக்க, இவர் விடை சொல்கிறாராம். தெரியாவிட்டால் இரண்டு பேருமாகத் தப்பாக எழுதி வைத்துச் சிரிக்கிறார்களாம்.

கிளம்பும்போது எனக்கே ஒரு குறிப்பு போட்டார், சொந்தச் சரக்கு: "இடை போனால் வயிறு கலங்கும், இடை இருந்தால் வீடு கலகலக்கும் (3)".

எனக்கு இரண்டு நிமிஷம் ஆச்சு. பக்கத்தில் நின்ற குட்டி அதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டது. விடை கமெண்டில் சொல்லுங்க.