காணி உறுதியும் கணினிப் பதிவும்

காணி உறுதிகளை இலத்திரனியல் முறையில் பதியும் முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதில் மக்களுக்குத் தெளிவு அவசியமாகும்.

1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி உறுதியானது நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் முடிக்கப்படல் வேண்டும். 2006 இல் இயற்றப்பட்ட இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் அசையா ஆதன விற்பனையைத் தன் எல்லைக்கு வெளியிலேயே நிறுத்தியது. 1927 ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதியப்படுவது உறுதியே தவிர, உரித்து அன்று. பதிவு உறுதியிலுள்ள குறையை நீக்குவதில்லை. போலி உறுதி கணினியில் ஏறினாலும் போலியே. உரித்தையே ஆராய்ந்து பதிவதற்கென 1998 இல் தனிச் சட்டம் கொண்டுவரப்பட்டதும் இதனாலேயே.

1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிலும், போரினால் இடம்பெயர்ந்த தமிழர்களிலும் உறுதிகளைத் தொலைத்தோர் பலர். அவர்களுக்குப் பதிவகப் பிரதியே எஞ்சிய சான்று. அதனைக் கணினியில் பாதுகாப்பது பெரும் நன்மையே. ஆனால், உரிமையாளர் ஊரில் இல்லாத காணியே மோசடிக்காரர்களுக்கு வாய்ப்பானது.

எனவே, ஒரு காணிக்குப் புதிய உறுதி பதிவுக்கு வந்தவுடன், ஏற்கெனவே பதிவிலுள்ள உரிமையாளருக்கு அவரது மொழியிலேயே அறிவித்தல் செல்ல வேண்டும். வேகத்திற்கு முன்னர் இக்காவலே தேவை என்பதை வலியுறுத்துகின்றோம்.