பூட்டு மாறினால் சாவியும் மாற வேண்டும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பிளஸ் டூவோடு வேலைக்குப் போன அக்கா, அரசு தந்த மடிக்கணினியை எனக்குத் தந்தாள். சென்ற ஆண்டு அதில் நானே புதிய லினக்ஸை ஏற்றினேன். திருவான்மியூரில் எங்கள் வீட்டில் இன்றும் அது உழைக்கிறது. காரணம், அதற்குப் பூட்டு இல்லை!

லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை யாரும் திருத்தலாம், பகிரலாம். இதைக் காக்கும் ஜி.பி.எல். உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 1991இல் வந்தது. மூல நிரலைத் தரவேண்டும் என்றது. பின்னர் சில நிறுவனங்கள் தந்திரம் கண்டன. நிரலைத் தரும்; நாம் திருத்திய நிரலைக் கருவி ஏற்காதபடி பூட்டிவிடும். சமையற்குறிப்பைக் கொடுத்து அடுப்பைப் பூட்டுவது போல!

எனவே உரிமத்தைத் திருத்த முனைந்தனர். 2006 ஆகஸ்டில் பெங்களூரிலும் அதற்கென மாநாடு கூடியது. 2007 ஜூன் 29இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, திருத்திய நிரலை வீட்டுக் கருவியில் நிறுவும் வழியையும் தரச் சொன்னது.

லினக்ஸைப் படைத்த டோர்வால்ட்ஸ் இதை ஏற்கவில்லை. நிரல் கிடைத்தால் போதும் என்பது அவர் வாதம். லினக்ஸின் கருநிரல் இன்றும் இரண்டாம் பதிப்பிலேயே உள்ளது.

புதுக் கருவி வாங்க வல்லவருக்கு அது போதும். பழைய கணினியை நம்பிப் படிப்பவனுக்குப் போதுமா? நண்பர்களே! காலத்தோடு திருத்தப்படாத உரிமை ஏட்டுச் சுரைக்காயே, கறிக்கு உதவாது.